தோடியும் ஹெலிகாப்டரும்

(கும்பகோணத்தில் ஒரு மாடிக் குடித்தனம். இரவு மணி பதினொன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியும் கையுமாகக் கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறார் குடித்தனக்காரர் முருகேசன். கருவூலத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் சதாசிவம் கதவைத் தட்டுகிறார்.)

சதாசிவம்: தம்பி, கீழே படுத்திருந்த எனக்கு, மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் இறங்குவது போலக் கேட்டது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்றுதானே எழுதினோம்? மூன்றாவதாக வந்து இறங்கியவர் யார்?

முருகேசன்: யாரும் இறங்கவில்லை, ஐயா. கணினியில் ஒரு கல்யாண இசை அமைத்துக்கொண்டிருந்தேன். 112 என்று தட்ட வேண்டிய இடத்தில் 126 என்று தட்டிவிட்டேன். மின்னிசைக் கருவிகளுக்குப் பொதுவாக 1991-இல் வகுத்த பட்டியலில் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் 112 வடநாட்டு ஷெனாய், 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கி வெடி.

சதாசிவம்: நாகஸ்வரத்துக்கு என்ன எண்?

முருகேசன்: நாகஸ்வரம் அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஐயா.

சதாசிவம்: எங்கள் குடும்பக் கல்யாணம் எதிலும் துப்பாக்கி வெடித்ததில்லை, நாகஸ்வரம் இல்லாமல் ஒன்றும் நடந்ததில்லை. பட்டியல் போட்டவர்கள் ஒரு முகூர்த்த நாளில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம். அது இருக்கட்டும், கம்பளி எதற்கு? காய்ச்சலா?

முருகேசன்: வெறும் சுவர்களுக்கு நடுவே பாடினால், குரல் சுவரில் பட்டுத் திரும்பி, கிணற்றுக்குள்ளிருந்து பாடியது போலப் பதிவாகும்; கம்பளி அதை உறிஞ்சிக்கொள்ளும். மின்விசிறியின் இரைச்சலும் பதிவாகிவிடும் என்பதால் அதையும் நிறுத்திவிடுகிறேன். இந்தச் சித்திரை வெயிலில் ஒரு பல்லவி முடிவதற்குள் இரண்டு துண்டு நனைந்துவிடுகிறது.

சதாசிவம் (முகம் மலர்ந்து): மின்விசிறி ஓடுவதே இல்லையா? முதலிலேயே சொல்லியிருந்தால் நான் படியேறியே இருக்க மாட்டேனே! மின்கட்டணத்தையும் வாடகையிலேயே அடக்கி வாங்குகிறவன் சங்கீதத்தை வளர்க்காமல் வேறு எதை வளர்ப்பான்? ஆனால், நேற்று நீங்கள் பாடியது பல்லவியில் நன்றாக நடந்து, சரணத்தில் நொண்டியதே, ஏன்?

முருகேசன்: கணினி ஒரு விநாடிக் குரலை 44,100 துண்டுகளாக அளந்து வாங்குகிறது. 2,048 துண்டுகள் சேர்ந்த பிறகே அது அடுத்த வேலையைப் பார்க்கும்படி நான் வைத்திருந்ததால், குரல் உள்ளே போய் என் காதுக்குத் திரும்பி வரப் பத்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிட்டது. குரல் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். தாளம் யாருக்காகவும் காத்திராமல் போய்விட்டது.

சதாசிவம்: கருவூலத்திலும் அதே கதைதான்; பில்கள் ஒரு கட்டாகச் சேராமல் அடுத்த மேசைக்கு நகராது. கட்டைச் சிறிதாக்கினால் என்ன?

முருகேசன்: 256 ஆகக் குறைத்துப் பார்த்தேன். என் பழைய கணினியால் ஈடுகொடுக்க முடியாமல், பாட்டு முழுவதும் கடுகு வெடித்தது.

சதாசிவம்: சரி, இன்றைக்கு என்ன ராகம்?

முருகேசன்: தோடி. அதன் காந்தார சுரத்தை மட்டும் மூன்று இரவுகளாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

சதாசிவம்: காந்தாரத்தை வரைகிறீர்களா?

முருகேசன்: விசைப்பலகையில் காந்தாரம் அசையாமல் நிற்கிறது, ஐயா. தோடியிலோ அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாட வேண்டும். ஒரு சுரத்தை வளைப்பதற்குக் கணினி 16,384 படிகளைத் தந்திருக்கிறது; மவுசைப் பிடித்து ஒவ்வொரு வளைவாகக் கோடு இழுக்கிறேன். கேளுங்கள்.

(ஒலிக்கிறது.)

சதாசிவம்: தம்பி, இது ஊஞ்சல் இல்லை, லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவு திறந்து, மூடி, பிறகு ஏறுகிறது. இதோ, இப்படி அசைய வேண்டும்.

(பாடுகிறார். அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் இத்தனை வருடம் கருவூலத்திலேயே பூட்டி வைத்திருந்த காந்தாரம் என்பது கேட்டதும் தெரிந்துவிடுகிறது. முருகேசன் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.)

சதாசிவம்: ஏன், பிடிக்கவில்லையா?

முருகேசன்: பெரியவர் வந்திருக்கிறாரே என்று, மரியாதைக்காகப் பதிவை நிறுத்தி வைத்திருந்தேன், ஐயா! தயவுசெய்து இன்னும் ஒரே ஒரு முறை...

சதாசிவம்: மணி என்ன?

முருகேசன்: பதினொன்றேகால்.

சதாசிவம்: இரவு பத்து மணிக்கு மேல் இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியவன் நான், அதை நானே மீறலாமா?

(இறங்கிப் போகிறார். ஏழாவது படியில் அவரையும் அறியாமல் காந்தாரம் மறுபடி அசைகிறது. முருகேசன் கம்பளியோடு எழுந்து, ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அதன் கம்பி வாசற்படி வரைதான் எட்டுகிறது.)