கலர் பென்சில் படிப்பு

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. ஒன்றுவிட்ட அக்கா, பள்ளித் தோழி, பழைய ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்த்த அண்ணன், எல்லோரும் அனுப்பியாயிற்று. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிரிப்பு பொம்மை. நான் அதை மறுபடி இங்கே போடப் போவதில்லை, அதில் பேசும் கல்வி ஆலோசகருக்கு ஏற்கெனவே வேண்டிய வியூஸ் வந்துவிட்டது.

பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ன படிக்கலாம் என்று வழிகாட்டும் கூட்டம். பிளஸ் டூ முடித்த பிள்ளை. மைக் கைக்கு வந்ததும் ஒரே மூச்சில் கேட்கிறாள்: "சார், ஜியாகிரபி டிகிரி எடுத்துட்டு அப்புறம் டவுன் பிளானிங் போகலாமா?" கல்வி ஆலோசகர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எதுக்கும்மா, மேப்புக்குக் கலர் அடிக்கவா? அப்பாவுக்குக் கலர் பென்சில் செலவுதான்." அரங்கமே சிரிக்கிறது. அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

போகலாம் என்பதுதான் பதில். ஜியாகிரபியில் முதுகலை முடித்தவர்களை எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுகலைப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, டெல்லி எஸ்பிஏ (திட்டமிடலும் கட்டடக்கலையும் கற்பிக்கும் கல்வி நிறுவனம்) உட்பட. இதைக் கண்டுபிடிக்கக் கையில் ஒரு போன் இருந்தால் போதும். பெயருக்கு முன்னால் 'கல்வியாளர்' என்று பேனர் அடித்து மேடை ஏறுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாவிட்டால் "தெரியலைம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றிருக்கலாம். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

"வேலை கிடைக்காத படிப்பை வேண்டாம்னு சொன்னது தப்பா?" என்று அவருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நிறையப் பேர் வருவீர்கள், தெரியும். 2021-இல் நிதி ஆயோக் நகரத் திட்டமிடல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரத் திட்டமிடுநர்கள் தேவை என்கிறது அது. மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளில் அப்போது இருந்த பணியிடங்களோ 4,000-கூட இல்லை. அதிலும் பாதி காலி. 7,933 நகரங்களில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே (ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) கிடையாது. அதாவது வேலை குவிந்து கிடக்கிறது, ஆள் எடுக்கத்தான் மனமில்லை. அது படிப்பின் குற்றமா? அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் போஸ்டிங் போடாவிட்டால் எம்பிபிஎஸ் உதவாத படிப்பு என்று அதே மேடையில் சொல்வாரா?

ஊருக்கு எங்கள் படிப்பு தேவை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன், சலிப்பாக இருந்தால் கடந்து போய்விடுங்கள்.

அப்புறம் அந்தக் கலர். மாஸ்டர் பிளான் வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, திறந்தவெளிக்குப் பச்சை. ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் இருக்கும். இந்தக் கலரில் என்ன இருக்கிறது என்று சிரிப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் ரியல் எஸ்டேட்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பச்சையில் இருக்கும் நிலம் மஞ்சளுக்கு மாறினால் ஏக்கர் எந்த விலைக்குப் போகும் என்று. அவர் சிரிக்க மாட்டார். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்கள் எல்லாம் அந்தக் கலர் பென்சில் யார் கையில் இருக்கிறது என்று தேடித்தான் அலைகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்சி. ஜியாகிரபி சேர்ந்ததை அப்பா வெளியில் சொல்லவே மாட்டார். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "பொண்ணு கலெக்டருக்குப் படிக்குது" என்பார். ஐஏஎஸ் தேர்வுக்கு விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக நம் ஊரில் மன்னிக்கப்படும் படிப்பு இது. பக்கத்தில் நின்றுகொண்டு நானும் தலையாட்டுவேன். சித்தப்பா அப்படி இல்லை, நேராகவே கேட்பார்: "இன்னைக்கு எந்த நாட்டுத் தலைநகரம் படிச்சே?" பந்தியில் அத்தனை பேர் நடுவில்.

இதே சித்தப்பா இப்போது மனை பார்க்கப் போனால் முதல் போன் எனக்குத்தான். பட்டா, லேஅவுட் படம், புரோக்கர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மனை. அப்ரூவல் இருக்கிறது, லோன் கிடைக்கும், முப்பது அடி ரோடு, கிழக்கு பார்த்த மனை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். பழைய டோபோஷீட்டை (மேடு பள்ளமும் நீர்நிலைகளும் காட்டும் நில வரைபடம்) ஜிஐஎஸ்ஸில் (வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் மென்பொருள்) ஏற்றி, அதன்மேல் கிராம வரைபடத்தையும் சாட்டிலைட் படத்தையும் பொருத்திப் பார்த்தேன். மேலே இருக்கும் ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டிய பாதையில்தான் மனைப்பிரிவே இருந்தது. "போக்குக் கால்வாய் உங்க ஹால் வழியாத்தான் போகுது சித்தப்பா" என்றேன். கோபித்துக்கொண்டார். ஆனால் வாங்கவில்லை. அந்த அரை நாள் வேலைக்கு ஒரு நன்றிகூட வரவில்லை. போகட்டும், குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது. அடுத்த பொங்கலுக்கு மறுபடி தலைநகரக் கேள்வி வந்தபோதுதான் வலித்தது.

"இதையெல்லாம் சிவில் படிச்சவங்க செய்ய மாட்டாங்களா?" செய்வார்கள். நான் மதிக்கும் நல்ல பிளானர்கள் சிலர் சிவில்காரர்கள்தான். என் கேள்வி வேறு: மற்றவர்கள் ஏன் செய்யக் கூடாது? நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை மாகாணத்து ஊர்களை நடந்து நடந்து பார்த்து அறிக்கை எழுதிய, நகரத் திட்டமிடலின் முன்னோடி பேட்ரிக் கெடஸ் உயிரியல் படித்தவர். முதலில் ஊரைப் படி, பிறகு திட்டம் போடு என்பது அவர் வழி. கொசுவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்க்காதீர்கள், அவைதான் ஊரைக் குளிர்ச்சியாக வைக்கின்றன என்று வாதாடியவர். (அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றி வந்த கப்பலை 1914-இல் மூழ்கடித்தது, சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல், நம்ம எம்டன்தான். மறுபடி திரட்டி 1915-இல் சென்னையிலேயே வைத்துக் காட்டினார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.) அவர் சொல்லி முடித்த சில வருஷங்களிலேயே நாம் மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்துத் தி.நகர் கட்டினோம். பிறகு நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரித் தண்ணீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக் கடலுக்குப் போகும். அதன் உடம்பில்தான் குப்பைக் கிடங்கு, ஐடி கட்டடங்கள், அடுக்குமாடிகள். மிச்சமிருந்த துண்டுக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகில் ஆளை மீட்டார்கள்.

இதைவிட எனக்கு ஆறாதது பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையில் இருந்த குடும்பங்களை, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்திக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், பெரும்பாக்கத்தில். மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. எம்.ஏ. ஆய்வுக்காக அங்கே போனபோது, நகரத்துக்குள் வீட்டுவேலை பார்த்துவந்த ஓர் அக்கா சொன்னார்: "வீடு குடுத்தாங்க, வேலை அங்கயே கெடக்குது. காலைல ஏழு மணிக்கு அவங்க வீட்டு வாசல்ல நிக்கணும்னா நான் எப்ப எழுந்திருக்கறது?" இந்தத் தூரத்தை அளப்பதும், அது யாருடைய சம்பளத்தை எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பதும்தான் நகர்ப்புறப் புவியியல். தலைநகரம் மனப்பாடம் செய்வதல்ல.

சென்னைக்குத் தெற்கே கட்டிய கிளாம்பாக்கம் வெளியூர்ப் பேருந்து நிலையமும் இதே கதைதான். கட்டடத்தில் குறை சொல்ல முடியாது, பளபளவென்று இருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறவர் வடசென்னையின் திருவொற்றியூருக்கு எப்படிப் போவார்? கட்டடம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"அப்போ இத்தனை வருஷமா பிளானர்கள் இருந்தும் இந்த லட்சணம்தானே?" என்று ஒருவர் நேற்றே கமெண்ட் போட்டுவிட்டார். பிளானர் எழுதிக் கொடுப்பார், கையெழுத்துப் போடுகிறவர் வேறு. கமெண்ட் போட்டவருக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"வேலை கிடைக்காத கசப்புல பேசுறே" என்பார்கள் அடுத்து. எனக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் வருகிறது. கசப்பும் இருக்கிறது. முதலில் சேர்ந்த கன்சல்டன்சியில் ஒரு சின்ன நகரத்தின் பேஸ் மேப் (திட்டத்துக்கு அடிப்படையான வரைபடம்) முழுக்க நான் செய்தது. வெயிலில் வார்டு வார்டாகப் போய் எந்தக் கட்டடம் வீடு, எது கடை, எது குடோன் என்று குறித்துக்கொண்டு வந்தேன். அறிக்கை அச்சாகி வந்தபோது குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீங்க பிளானர் இல்லையேம்மா, சப்போர்ட்தானே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் எம்.பிளான் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் இருக்கிறார்கள். அவர்களை யார் எண்ணுகிறார்கள்?

அந்த ஆலோசகரிடம் மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை. வீடியோவில் இருந்த பிள்ளையை யாருக்காவது தெரிந்தால் என் இன்பாக்ஸுக்கு வரச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி, எந்த நுழைவுத் தேர்வு, டிகிரியின்போதே ஜிஐஎஸ்ஸும் புள்ளியியலும் எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறேன். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.

சித்தப்பா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். முந்தாநாள் அனுப்பிய படத்தில் சர்வே எண் மடிப்பில் மறைந்துவிட்டது. உட்பிரிவோடு தெளிவாக எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்லும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.