தோஹா படங்களில் இருப்பவர்கள் வாடகை ரசிகர்களா?

2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன், போட்டியை நடத்திய கத்தாரின் தலைநகர் தோஹாவின் கடற்கரைச் சாலையில் எடுத்த ஊர்வலப் படங்களைப் போட்டு, "எல்லாரும் காசுக்கு அர்ஜென்டினா ஜெர்சி போட்டு நின்ற இந்தியர்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இந்தியர்கள் என்பது சரி. காசுக்கு என்பதற்குப் படத்தில் என்ன ஆதாரம்? முகத்தின் நிறம் மட்டும்தான்.

கத்தாரில் வாழும் வெளிநாட்டவரில் இந்தியர்களே அதிகம். அவர்களில் மலையாளிகள் ஏராளம். கேரளத்தில் அர்ஜென்டினா, பிரேசில் பைத்தியம் எவ்வளவு என்று தெரியாதவர்கள், அதே ஆண்டு கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் நின்ற மெஸ்ஸி, நெய்மார் கட்டவுட்களைத் தேடிப் பாருங்கள். அதற்கும் யாராவது சம்பளம் கொடுத்தார்களா?

அப்புறம், அர்ஜென்டினாவின் முதல் ஆட்டமே நவம்பர் 22 அன்றுதான். அதற்குப் பல நாள் முன்பே தெருவில் ஆடியவர்கள் அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களாக இல்லாமல் வேறு யாராக இருப்பார்கள்?

ஒன்றை மறைக்க வேண்டாம். சில நாட்டு ரசிகர்களுக்கு விமான டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுத்து அழைத்த திட்டம் உண்மையிலேயே இருந்தது; அதன் மேல் வந்த விமர்சனமும் நியாயம். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களைப் பற்றியது. இரண்டையும் குழப்பி, டிரம் அடித்துக்கொண்டு போகும் தொழிலாளியைக் கூலி நடிகர் ஆக்கியது படம் அல்ல, நீங்கள் போட்ட தலைப்பு.