விற்கப்பட்டது அணி, யார்க்ஷயர் கிளப் அல்ல

சென்னையைச் சேர்ந்த சன் குழுமம் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கவுண்டி கிரிக்கெட் கிளப்பையே வாங்கிவிட்டது, இனி அதன் உறுப்பினர்களிடம் யாரும் கருத்துக் கேட்கப்போவதில்லை என்று பரவும் தகவல் தவறானது. 2025-இல் அக்குழுமம் வாங்கியது, இங்கிலாந்தின் நூறு பந்து கிரிக்கெட் தொடரான 'தி ஹண்ட்ரட்'டில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தைத் தளமாகக் கொண்டு ஆடும், அப்போது நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸ் எனப்பட்ட அணியை மட்டுமே. 1863-இல் தொடங்கிய கிளப்பின் உரிமை அந்த விற்பனையால் கைமாறவில்லை; அது சந்தா செலுத்தும் உறுப்பினர்களுடையது, அவர்களுக்கு ஆளுக்கொரு வாக்கு உண்டு. இதை மறைத்துப் பேசுவது, தலைமுறைகளாகச் சந்தா கட்டிவரும் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி. நிதி நெருக்கடியின்போது கிளப்பின் முன்னாள் தலைவர் காலின் கிரேவ்ஸ் முன்வைத்த கடன் திட்டம்கூட, 2024 பிப்ரவரியில் கூடிய சிறப்புப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்ற பின்னரே நடைமுறைக்கு வந்தது. இத்தகைய கிளப்பைத் தனியார் நிறுவனமாக மாற்றுவதற்கும் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும்.