64 ஜிபி எல்லோருக்கும் வேண்டுமா?
வீடியோ எடிட்டிங் வேலை என்றாலே கணினியில் 64 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக மெமரி) கட்டாயம் என்று ஒரு கட்டுரையில் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1080பி காட்சிகளை வெட்டி ஒட்டி, எழுத்து போட்டு, பின்னணி இசை சேர்ப்பவருக்கு 16 ஜிபி போதும், 4கே என்றால் 32 இருந்தால் நிம்மதி. ரேமை நிஜமாகவே தின்பது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி விஷுவல் எஃபெக்ட்ஸ் மென்பொருள்கள்தான். 8 பிட் நிறத் துல்லியத்தில் ஒரு 4கே ஃபிரேம் மெமரியில் சுமார் 33 எம்பி பிடிக்கும், 32 பிட்டுக்குப் போனால் அதுவே 133 எம்பி, நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால் ரேமில் வைத்து ஓட்டிக் காட்டும் பத்து நொடி பிரிவியூவுக்கே 32 ஜிபி பக்கம் வந்துவிடும், அங்கே 128 போட்டாலும் வீண் இல்லை.

மற்றவர்கள் டைம்லைனில் (காட்சிகளை அடுக்கி வெட்டும் இடம்) வீடியோ திக்குகிறதே என்று உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மெமரி 60 சதவீதத்திலேயே நிற்க, சிபியு (பிராசஸர்) மட்டும் 100-ஐத் தொட்டால் குற்றவாளி ரேம் இல்லை, கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை. கேமரா தரும் 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகம் உள்ள வகை) ஹெச்.264 கோப்புகளைப் பல கிராஃபிக்ஸ் கார்டுகளால் டிகோட் செய்ய, அதாவது விரித்துக் காட்ட முடியாது, மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில்தான் விழும். பிராக்ஸி (எடிட் செய்வதற்கு மட்டும் உருவாக்கும் இலகுவான நகல் கோப்பு) போட்டு எடிட் செய்யுங்கள், காசு மிச்சம். அப்புறம், ரேம் வாங்கியே தீருவேன் என்றால் ஒரே ஸ்டிக்காக வாங்காமல் ஜோடியாகப் போடுங்கள், டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் ஓடும்.