வழி மூடவே இல்லை!

இன்று காலை ஏழு மணி. மொராக்கோவில் ஃபெஸ் நகரத்தின் பாப் பூஜ்லூத் வாசல். இழுக்கிற பெட்டி ஒன்று, தோள்பை இரண்டு, அக்கா, நான். டாக்ஸி நிற்கிற இடம் கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பது வரைக்கும் தெரிகிறது. அப்போது ஒரு பையன் ஓடி வந்து குறுக்கே நின்று சொல்கிறான்: "மேடம், அந்தப் பக்கம் மூடியிருக்கு."

டாக்ஸி நிற்கிற இடத்தை மூடிவிட்டார்களாம்! கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்டா நான்! அந்த இடத்திலேயே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு "மூடல! மூடவே இல்ல! நேத்தும் மூடல!" என்று தமிழில் கத்தினேன். ரொட்டி வாங்க வந்த ஒரு பாட்டி நின்று திரும்பிப் பார்த்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. மொராக்கோ பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்த "மூடியிருக்கு" என்ற ஒரு சொல்லே போதும், நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும். தெரியாதவர்களுக்கு: திறந்திருக்கிற வழியை மூடியிருக்கு என்று சொல்லி, சுற்றி அழைத்துப் போய், கடை கடையாக ஏற்றி, கடைசியில் காசு கேட்கிற ஏமாற்று அது. எல்லோரும் மாட்டியிருப்பீர்கள். மாட்டவில்லை என்று சொல்கிறவர், எதில் மாட்டினோம் என்று தெரியாமலேயே ஊர் திரும்பியவராக இருப்பார்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு முழு நாள். வெள்ளி இரவு இறங்கினோம், ஞாயிறு காலை விமானம். நடுவில் சனிக்கிழமை மட்டும்தான். "ஒரே நாளில் ஃபெஸ்: தவறவிடக் கூடாத இருபது இடங்கள்" என்று ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இருபது வேண்டாம். அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அத்தாரின் மதரசா. அந்நாளில் மொராக்கோவை ஆண்ட மரினித் வம்சத்துச் சுல்தான் அபூ சயீத் 1323-இல் தொடங்கி 1325-இல் முடித்த சின்னக் கல்லூரி. வாசனைப் பொருள் விற்கிறவர்களின் கடைத்தெருவை ஒட்டி இருப்பதால் அந்தப் பெயர். அதன் முற்றத்துச் சுவரில் இருக்கிற ஸெல்லீஜ் வேலையின், அதாவது வண்ண ஓட்டுத் துண்டுகளைப் பதித்த வேலையின் படம் ஒன்று அக்காவின் சமையலறை அலமாரிக் கதவில் ஒன்பது வருடமாக ஒட்டியிருக்கிறது. அக்கா சிக்குக் கோலம் போடுகிறவள். புள்ளி எண்ணாமல் கை தானாகப் போகும் அவளுக்கு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை சொன்னாள்: "இந்த நட்சத்திரத்துல ஒரு கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு படத்துல தெரியல. நேர்ல நின்னா கண்டுபிடிச்சிடுவேன்." அவ்வளவுதான் ஆசை. அரைமணி நேரம் அந்தச் சுவர் முன்னால் நிற்க வேண்டும். அதற்காகத்தான் போனோம்.

காலை நன்றாகவே போனது. பழைய ஊரின் பெரிய தெருவான தலா கபீராவில் ஒரு சின்னக் கடையில் பிஸாரா குடித்தோம். காய்ந்த ஃபாவா அவரையை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டுத் தருவார்கள். அப்புறம் பூ இனானியா மதரசா. நுழைவுச் சீட்டு 20 திர்ஹாம். அதற்கு எதிர்ச் சுவரில் 1357-ஆம் ஆண்டு வைத்த நீர்க்கடிகாரம் இருந்த இடம். பித்தளைக் கிண்ணங்களில் குண்டு விழுந்து நேரம் சொன்ன கடிகாரம். எப்படி ஓடியது என்ற சூட்சுமம் யாருக்கும் முழுசாகத் தெரியாமலே போய்விட்டது. அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மணி ஒன்றேமுக்கால்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். பூ இனானியாவிலிருந்து அத்தாரினுக்குப் போக என்ன செய்ய வேண்டும் தெரியுமா? தலா கபீராவில் நேரே இறங்க வேண்டும். அவ்வளவுதான்! இடமும் இல்லை, வலமும் இல்லை. தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் போகிற வழி. மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடம். உலகத்திலேயே வழி தவற முடியாத ஒரு வழி இருந்தால் அது இதுதான். ஆனால் அது எனக்கு நேற்றிரவு விடுதிக்காரர் படம் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒன்றேமுக்காலுக்குத் தெரியாது.

ஒன்றேமுக்காலுக்கு அவன் வந்தான். இருபது வயது இருக்கும். நீல நிறச் சட்டை, வெள்ளைக் காலணி. "இந்தியா? ஷாருக் கான்!" என்று ஆரம்பித்தான். காலையிலிருந்து பத்துப் பேர் அப்படிக் கூப்பிட்டிருந்தார்கள், அன்பாகத்தான். அங்கே இந்திப் படம் என்றால் உயிர். அதனால் நாங்களும் சிரித்துவைத்தோம். சிரித்ததுதான் தாமதம், பக்கத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டான். "எங்கே போறீங்க? அத்தாரினா? ஐயோ, இந்த வழி மூடியிருக்கு. முன்னால் கட்டட வேலை. சுற்றிப் போகணும். நான் வழிகாட்டி இல்லை, மாணவன். காசெல்லாம் வேண்டாம். ஆங்கிலம் பேசிப் பழகணும், அவ்வளவுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைப் பார்த்தேன். அந்தச் சந்துகளில் சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்க, வரைபடத்தில் நம் நீலப்புள்ளி அடுத்த தெருக் கூரை மேல் குதித்துக்கொண்டிருக்கும். நம்பித் திரும்பினோம். எங்களைத் தவிர மற்ற எல்லோரும், சமையல் வாயு உருளை சுமந்த கோவேறு கழுதை உட்பட, நேரேதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கழுதைக்காரர் "பாலாக், பாலாக்" (வழி விடு, வழி விடு) என்று கத்திக்கொண்டு அதே "மூடிய" வழியில்தான் போனார். அதை என் கண் பார்த்தது. மண்டையில் ஏறவில்லை.

இரண்டு மணி. ஒரு நெசவுக்கூடம். "பத்து வினாடி, பார்த்துவிட்டுப் போகலாம், என் தெருக்காரர்." கற்றாழைப் பட்டு என்று ஒரு துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றினார்கள். கழற்றக் கால்மணி ஆனது.

இரண்டு இருபது. கம்பளக் கடை. "இது கடை இல்லை, அருங்காட்சியகம்." உட்காரவைத்தார்கள். புதினாத் தேநீர் வந்தது. கெண்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கி நுரை வர ஊற்றினார் ஒரு பெரியவர். குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். அந்த மரியாதையைத்தான் அவர்கள் கயிறாகத் திரிக்கிறார்கள்! ஒரு கம்பளம் விரித்தார்கள். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. பதினேழு கம்பளம் எண்ணினேன். ஒன்றின் நூலைப் பிடித்து லைட்டரைப் பற்றவைத்து, "பாருங்கள், கம்பளி, பிளாஸ்டிக் இல்லை, எரியாது" என்று காட்டினார். கருகிய மயிர் நாற்றம் மூக்கில் ஏறியது. "வாங்க வேண்டாம், எது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொன்றாக "லா, லா" (இல்லை, இல்லை) என்று சொல்லச் சொல்ல அடுக்கு குறைந்து, கடைசியில் இரண்டு மிஞ்சியது. "ஆக இந்த இரண்டும் பிடித்திருக்கிறது!" என்று விலைக்கு வந்துவிட்டார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேநீர்க் கண்ணாடியை நொறுக்கியிருப்பேன்.

மூன்று பத்து. மூலிகைக் கடை. ஆர்கன் எண்ணெய், கருஞ்சீரகம், ஒற்றைத் தலைவலிக்கு ஒரு முடிச்சு. மூன்று நாற்பது. தோல் பதனிடும் இடம்.

ஷுவாரா தோல் தொட்டிகளைப் பார்க்கத்தான் பாதி உலகம் ஃபெஸ்ஸுக்கு வருகிறது. பார்க்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சுற்றியிருக்கிற தோல் கடைகளின் மாடியில் ஏறித்தான் நன்றாகப் பார்க்க முடியும். நாற்றம் தாங்க ஒரு புதினாக் கொத்தைக் கையில் கொடுப்பார்கள். கீழே தேன்கூடு மாதிரி வட்டத் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், தோலை மிருதுவாக்க. அடுத்தவை சாயத் தொட்டிகள். ஒரு மனிதர் இடுப்பளவு அந்தத் தண்ணீரில் நின்று, ஆட்டுத்தோலைக் காலால் மிதித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள். அவர் நிமிர்ந்து எங்களை ஒரு கணம் பார்த்தார். இருநூறு பேர் மேலே நின்று தன்னைப் படம் எடுக்கிற நாளை அவர் எப்படிக் கழிக்கிறாரோ. அதை நினைப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் "இந்தப் பை, அக்கா, ஒட்டகத் தோல்" என்று ஆரம்பித்துவிட்டார். "அக்கா" என்று நான் கூப்பிட்டதைக் கேட்டு அந்தச் சொல்லையும் பிடித்துக்கொண்டார்கள்! என் அக்காவை நான் கூப்பிடுகிற சொல்லை!

நாலு நாற்பது. வெளியே வந்தோம். "அத்தாரின் இதோ, ரெண்டே நிமிடம்" என்றான். அது மட்டும் உண்மை. அப்போதுதான் கையை நீட்டினான். 300 திர்ஹாம். எங்கிருந்தோ இரண்டு நண்பர்கள் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்கள். காசு வேண்டாத மாணவன்! நான் 50 கொடுத்தேன். தரையைப் பார்த்துத் துப்பினான். 100 ஆனது. அதற்கும் முனகினான். இந்தப் பேரத்தில் இன்னொரு இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடம்தான் எங்களைக் கொன்றது.

அத்தாரின் வாசலுக்கு ஓடிப் போய் நின்றபோது காவலர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "நாளைக்கு" என்றார். நாளைக்கு எங்களுக்கு விமானம். அக்கா கெஞ்சவில்லை. அந்தப் பெரிய கதவில் உலோகத் தகடு போர்த்தி, நட்சத்திரமும் முடிச்சுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் விரலை வைத்து ஒரு கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனாள். மேலே எட்டுகிற வரை. அங்கே விரல் நின்றது. "சரி, வாடி" என்றாள்.

அந்த "சரி"யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரவு விடுதி மாடியில் அக்கா சொல்கிறாள்: "விடுடி, அவனுக்கும் வயிறு இருக்கு." இருக்கட்டும்! வயிறு இல்லை என்று யார் சொன்னது? நேராக வந்து "அக்கா, எனக்கு நூறு திர்ஹாம் வேணும்" என்று கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன். இருநூறுகூடக் கொடுத்திருப்பேன். காசு போனதற்காக நான் கத்தவில்லை. எனக்கு இருந்தது ஒரு பிற்பகல். ஒன்பது வருடம் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பிற்பகல். பர்ஸை அடித்தால் அங்கே சுற்றுலாப் போலீஸ் இருக்கிறது, போய்ப் புகார் எழுதிக் கொடுக்கலாம். மூன்று மணி நேரத்தை அடித்துக்கொண்டு போனால் எந்தக் காகிதத்தில் எழுதுவது?

இதில் இன்னொரு கொடுமை, முறையாகப் படித்து, உரிமம் வாங்கி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்கிற வழிகாட்டிகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். விடுதியில் சொன்னால் வருவார்கள். பேசிய தொகைக்கு அரைநாள் கூட இருப்பார்கள். இந்த மாதிரிப் பயல்களால் அவர்களைப் பார்த்தும் ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். நானே ஒதுங்கினேன். காலையில் அட்டை மாட்டிய ஒரு பெரியவர் பணிவாகக் கேட்டபோது "வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவரிடம் போகாமல் இவனிடம் போய் விழுந்தேன்!

இருபது இடப் பட்டியல் எழுதுகிறவர்களே, கொஞ்சம் கேளுங்கள். 859-இல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி தொடங்கியதாகச் சொல்லப்படும் கராவியீன் பள்ளிவாசல் இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்று ஏன் எழுதுவதில்லை? நீல வாசல் பாப் பூஜ்லூத் என்று எல்லோரும் படம் போடுகிறீர்கள். அது 1913-இல் கட்டியது, உள்பக்கம் பச்சை, அங்கிருந்து பிரியும் தலா கபீராவில் மூக்குக்கு நேரே இறங்கினால் ஊரின் நடுவுக்கே வந்துவிடலாம் என்ற ஒரு வரியை எழுதினால் கை உடைந்துவிடுமா? "தொலைந்து போங்கள், அதுதான் ஃபெஸ்ஸின் அழகு" என்று எழுதியிருந்தீர்களே ஒருவர்! பத்து நாள் இருக்கிறவன் தொலையட்டும். ஒரு நாள் இருக்கிறவள் ஏன் தொலைய வேண்டும்?

அக்கா இப்போது விழித்துக்கொண்டாள். கைபையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, நேற்று கதவில் தொட்ட கோட்டை நினைவிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். பதினாறு முனை. பாதி வந்துவிட்டது. நானும் மூச்சை இழுத்துவிட்டு, கோபத்தை ஓரம் கட்டிவிட்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த நடு இருக்கைக்காரர் இருக்கிறாரே! ஏறியதிலிருந்து கைபேசியில் சமையல் காணொளி பார்க்கிறார். காதுமாட்டி இல்லை. முழுச் சத்தம். வெங்காயம் வதங்குகிற சத்தம், அப்புறம் ஒரு பாட்டு, அப்புறம் அதே வெங்காயம் மறுபடியும். இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கோடு குறைக்கிறார், ஒரே ஒரு கோடு! பணிப்பெண்ணைக் கூப்பிட மணியை அழுத்திப் பதினைந்து நிமிடம் ஆகிறது.