தையல்காரர் மகன் பார்த்த அரண்மனை

எங்கள் அப்பா ஒரு துணியைக் கையில் வாங்கினால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தடவை தேய்ப்பார். அப்புறம்தான் கண் போகும். முப்பத்தெட்டு வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கல்யாண வீட்டில் எனக்கு இன்றைக்கும் ஆட்களின் முகத்துக்கு முன்னால் அவர்கள் சட்டையின் காலர் தையல்தான் கண்ணில் படுகிறது. அது அப்பாவிடமிருந்து வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடமாகத் தினமும் இரவு சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பைப் படிக்கிறேன். இன்று என்ன தேதியோ அந்தத் தேதிக்கு அவர் எழுதியதை மட்டும். (எழுத்துக் கூட்டிப் பார்த்தால் பெப்பிஸ் என்று வரும். ஆனால் பீப்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும்.) 1660 ஜனவரி 1-இல் தொடங்கி 1669 மே 31 வரை, ஒன்பது வருடத்துக்கு மேல், லண்டனில் உட்கார்ந்து எழுதியவர். பத்து லட்சம் சொற்களுக்கு மேல். எல்லாம் சுருக்கெழுத்தில். அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் யாரும் படிக்காமல் கேம்பிரிட்ஜில் அவருடைய புத்தகங்களோடு கிடந்து, 1825-இல்தான் ஒரு பகுதி முதலில் அச்சில் வந்தது.

நம்மில் பலருக்கு இவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை வழியாகத்தான் தெரியும். புதுச்சேரியில் அவர் எழுதிய நாட்குறிப்பைப் பேசும்போதெல்லாம் 'இந்தியாவின் பெப்பிஸ்' என்று ஒரு பட்டம் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. பிள்ளை பிள்ளைதான். அது வேறு பதிவு.

பீப்ஸைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயத்துக்காகப் படிக்கிறார்கள். 1665 பிளேக், 1666 பெருந்தீ, இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரண்மனைச் சல்லாபங்கள். மூன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் போகிறார்கள் என்பது என் எண்ணம். இவர் ஒரு தையல்காரரின் மகன். ஃப்ளீட் தெருவை ஒட்டிய சால்ஸ்பரி கோர்ட்டில் அப்பா ஜான் பீப்ஸ் தையல் தொழில் செய்தவர். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பையன், உறவுக்காரரான எட்வர்ட் மாண்டேகு பிரபுவின் தயவில் கடற்படை அலுவலகத்தில் எழுத்தராகி, அரண்மனைக்குள் போய் வரும் ஆளானான். பிரபு வீட்டுப் பிள்ளை அரண்மனைக்குள் போனால் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதுவான். இவர் யார் என்ன உடுத்தியிருந்தார்கள், அதற்கு என்ன விலை, அந்தக் காசு கொடுக்கப்பட்டதா என்று எழுதுகிறார். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அந்த ராஜ்யத்தின் கதையே இருக்கிறது.

1660 மே 23. நாடு கடந்து வாழ்ந்த சார்லஸை ஹாலந்திலிருந்து கப்பலில் கூட்டி வருகிறார்கள். மாண்டேகுவின் செயலாளராகப் பீப்ஸும் அதே கப்பலில். மன்னர் மேல்தளத்தில் அங்கும் இங்கும் நடந்தபடி, ஒன்பது வருடம் முன்னால் வூஸ்டர் போரில் தோற்றுத் தப்பி ஓடிய கதையைச் சொல்கிறார். அதில் பீப்ஸ் எதைப் பிடித்துக்கொள்கிறார் தெரியுமா? ஒரு பச்சைக் கோட்டு. பட்டிக்காட்டான் போடும் கால்சட்டை. காலைக் கடித்துப் புண்ணாக்கி ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் செய்த ஒரு ஜோடிச் செருப்பு. அழுகையே வந்துவிட்டது என்று எழுதுகிறார். போரின் வியூகமெல்லாம் இல்லை. கடித்த செருப்புதான். இரண்டு நாள் கழித்துக் கரை இறங்கும்போது மன்னரின் செல்ல நாய் படகிலேயே அசிங்கம் பண்ணிவிடுகிறது. ராஜாவும் ராஜாவைச் சேர்ந்தவர்களும் மற்ற மனுஷர்களைப் போலத்தானே என்று அங்கே அவருக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த வருடமே ஜூலையில் அவர் தனக்கு ஒரு மேலங்கி வாங்குகிறார். பொன் பொத்தான் வைத்தது. கூடவே ஒரு பட்டு உடை. நிறையச் செலவாகிவிட்டது, இதை அடைக்கும் வசதியைக் கடவுள் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறார். எங்கள் கடைக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்த எத்தனை பேர் முகத்தில் இதே வரியைப் பார்த்திருக்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நாள் 1662 மே 21. மனைவி எலிசபெத்தோடு வைட்ஹால் அரண்மனைத் தோட்டத்தில் நடக்கிறார். அங்கே மன்னரின் காதலி காசில்மெயின் சீமாட்டியின் உள்ளாடைகளும் உள்பாவாடைகளும் இருக்கின்றன. கீழ் ஓரத்தில் உயர்ந்த பின்னல் வேலை. இவ்வளவு நேர்த்தியானதை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவே மனசுக்கு நன்றாக இருந்தது என்று எழுதுகிறார். இதைச் சபலம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். சபலமும் உண்டு. ஆனால் கீழ் ஓரத்தைப் பார்க்கிற கண் தையல்காரர் வீட்டுக் கண். இன்னொன்றும் உண்டு. அதே நாளில்தான் போர்ட்ஸ்மத்தில் மன்னர் போர்த்துக்கல் இளவரசி கேத்தரினைக் கல்யாணம் செய்துகொள்கிறார். பம்பாய்த் தீவு சீதனமாக வந்த அந்தக் கல்யாணம். மணமேடை ஒரு ஊரில், காதலியின் துணி அரண்மனைத் தோட்டத்தில். இரண்டாம் சார்லஸின் அரசவையைப் பற்றி நான் படித்ததில் இதைவிடத் தெளிவான சித்திரம் இல்லை.

இன்னொரு தடவை, 1663 ஜூலையில், ராணியோடு குதிரையேறிப் போய்த் திரும்பிய பெண்கள் ஓர் அறையில் ஒருவர் தொப்பியை இன்னொருவர் மாட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காசில்மெயினின் தொப்பியில் மஞ்சள் இறகு. ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட்டின் தொப்பியில் சிவப்பு இறகு, தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இந்த ஃபிரான்சஸின் சாயலில்தான் பிறகு, பிரிட்டனை ஒரு பெண்ணாகக் காட்டும் பிரிட்டானியா உருவத்தைப் பதக்கத்தில் வடித்தார்கள். அந்த அறையும் அரண்மனையும் 1698-இல் எரிந்து போயின, விருந்து மாளிகை மட்டும் தப்பியது. மஞ்சள் இறகு மட்டும் இந்தக் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

அதே வருடம் அக்டோபர் 31-இல் கணக்குப் பார்க்கிறார். போன மாதத்தைவிடக் கையிருப்பு 43 பவுண்டு குறைந்திருக்கிறது. காரணம் துணி. மனைவிக்குச் சுமார் 12 பவுண்டு. தனக்குச் சுமார் 55 பவுண்டு. வெல்வெட் மேலங்கி, இரண்டு கறுப்பு உடுப்பு, பொன் பொத்தான் வைத்த வீட்டு அங்கி, தொப்பி, இரண்டு பொய்முடி. இனிமேல் என் தகுதிக்கு ஏற்ற மாதிரிதான் போவேன் என்று ஒரு சமாதானம் வேறு. பன்னிரண்டும் ஐம்பத்தைந்தும். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எலிசபெத் அந்த வருட ஜனவரியில் தன் தனிமையைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அவரிடம் படித்துக் காட்டியிருந்தாள். அதில் பெரும்பாலும் உண்மைதான் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது யாரும் படிக்கக்கூடிய சாதாரண ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் கிழிக்கச் சொல்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். அவளுடைய காகிதக் கட்டைப் பிடுங்கித் தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவள் கண்முன்னே கிழிக்கிறார். அவள் அழுகிறாள். தன் வாழ்க்கையைச் சுருக்கெழுத்தில் பூட்டி வைத்த மனிதர் அவள் எழுதியதை மிச்சம் வைக்கவில்லை. கணவனுக்கு நல்ல கப்பலில் வேலை கேட்டு வந்த ஒரு தச்சரின் மனைவியைப் பதவியைக் காட்டிப் பலவந்தப்படுத்தியதையும் இதே நாட்குறிப்பில்தான் எழுதியிருக்கிறார். அதைக் குறும்பு என்று எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது குற்றம். அவர் கைப்படவே இருக்கிறது.

இதற்கு நடுவில் நம் கடற்கரை வருகிறது. 1663 செப்டம்பர் 5-இல் எலிசபெத்தின் புதிய அறைச் சுவரை மூட, கடை கடையாக ஏறி இறங்கி ஒரு துணி வாங்குகிறார். 'சின்ட்' என்று எழுதி, சாயம் தீட்டிய இந்தியப் பருத்தித் துணி என்று விளக்கமும் சொல்கிறார். நாம் சீட்டித் துணி என்கிறோமே, அதேதான். அந்தத் துணி எந்தத் துறைமுகத்திலிருந்து போனது என்று அவர் எழுதவில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் இடம் வாங்கியதே சோழமண்டலக் கரையின் துணிக்காகத்தான். அடுத்த பிப்ரவரியில் இன்னும் சுவாரசியமான ஒரு பேச்சைக் குறித்து வைக்கிறார். காலிக்கோ என்கிற இந்தியப் பருத்தித் துணிக்கு வரி போட வேண்டும். அது லினன், அதாவது செடி நாரில் நெய்த துணிதான் என்கிறார் வரி வசூல் குத்தகைக்காரர். இல்லவே இல்லை, அது மரத்தில் காய்க்கிற பஞ்சு, நார்ச்செடி கிடையாது என்கிறது கம்பெனி. வழக்கு கம்பெனிக்கு எதிராகப் போகிறது. நம் ஊர் நெசவாளி நெய்த துணி பஞ்சா நாரா என்று லண்டனில் சண்டை போட்டிருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் இரண்டு விரலால் தேய்த்து நொடியில் சொல்லியிருப்பார்.

பிளேக் நாட்களிலும் துணிதான். 1665 செப்டம்பர் 3-இல் புதிய பொய்முடியை அணிகிறார். வாங்கிய சமயம் அந்தப் பக்கம் நோய் இருந்ததால் இத்தனை நாள் பயந்து போடாமல் வைத்திருந்தது. பிளேக் முடிந்த பிறகு பொய்முடி வியாபாரம் என்ன ஆகும் என்று யோசிக்கிறார். செத்தவர்கள் தலையிலிருந்து வெட்டிய முடியோ என்று யாரும் வாங்கப் பயப்படுவார்களே. இறந்தவர் எண்ணிக்கைப் பட்டியலைவிட இந்த ஒரு யோசனை எனக்கு அந்த நகரத்தின் பயத்தைக் காட்டியது.

1666 செப்டம்பரில் லண்டன் எரிகிறது. 13,200 வீடுகள் சாம்பல். அடுத்த மாதம் 8-ஆம் தேதி மன்னர் அமைச்சரவையில் என்ன அறிவிக்கிறார்? இனி ஒரே மாதிரி உடை, அதை மாற்றவே மாட்டேன் என்கிறார். பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்கவாம். ஒரு வாரத்தில் உடை வந்துவிடுகிறது. உடம்பை ஒட்டிய நீளமான கறுப்பு அங்கி, வெட்டுகளின் வழியே உள்ளேயிருந்து வெள்ளைப் பட்டு எட்டிப் பார்க்கிறது, மேலே ஒரு கோட்டு, காலில் புறாக் கால் மாதிரி கறுப்பு ரிப்பன் சுருக்கம். இரண்டே நாளில் மன்னருக்கு அலுத்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகப் பார்த்தால் எல்லாரும் மேக்பை பறவை மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்லி, வெறும் வெல்வெட்டில் ஒன்று தைக்கச் சொல்கிறார். அடுத்த மாதம், பிரெஞ்சு மன்னர் தன் வேலையாட்களுக்கெல்லாம் இதே உடையை மாட்டிவிட்டார் என்று பீப்ஸுக்குச் செய்தி வருகிறது. அதற்குள் இவரும் ஒன்று தைத்து வாங்கிவிட்டார்.

அந்தத் துணிக்கெல்லாம் யார் காசு கொடுத்தது? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கப்பல்காரர்களுக்குக் கொடுக்கக் காசில்லை. 1665 அக்டோபரில், சம்பளம் வராமல் தெருவில் பட்டினி கிடக்கும் மாலுமிகளின் ஓலத்தில் அலுவலக வேலையே ஓடவில்லை என்று எழுதுகிறார். பணத்துக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 1667 ஜூனில், இங்கிலாந்தோடு போரில் இருந்த டச்சுக்காரர்கள் மெட்வே ஆற்றுக்குள் நுழைந்து கப்பல்களைக் கொளுத்தி, 'ராயல் சார்லஸ்' கப்பலையே இழுத்துப் போனார்கள். காலைக் கடித்த செருப்பின் கதையை மன்னர் சொன்ன அதே கப்பல். டச்சுக் கப்பல்களில் இருந்த ஆங்கிலேய மாலுமிகள், அப்போது சீட்டுக்குச் சண்டை போட்டோம், இப்போது காசுக்குப் போடுகிறோம் என்று கத்தினார்களாம். லண்டனின் வாப்பிங் தெருக்களில் மாலுமிகளின் மனைவிமார், எங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுக்காததால் வந்த வினை இது என்று கூவிக்கொண்டு போகிறார்கள். கப்பல்கள் எரிந்த இரவு, மன்னரும் காசில்மெயினும் விருந்தில் ஓர் அந்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள் என்று பீப்ஸ் காதில் விழுகிறது. பீப்ஸ் என்ன செய்தார்? 300 பவுண்டு பொன் நாணயத்தை இடுப்புப் பட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். இன்னொரு பகுதியை மனைவியோடும் அப்பாவோடும் ஊருக்கு அனுப்பினார்.

அப்புறம் அந்தச் செப்டம்பர் 2. மன்னருக்குக் கைக்குட்டை இல்லை. கழுத்துப் பட்டி மூன்றே மூன்று. வயதான ஊழியர் ஒருவர் உடைக் கிடங்கு அதிகாரியிடம், மன்னரை இப்படிக் கவனிக்காமல் விடலாமா என்று சத்தம் போடுகிறார். அதிகாரி சொல்கிறார்: துணிக்கடைக்காரருக்கு 5,000 பவுண்டு பாக்கி, இனிமேல் கடன் கிடைக்காது. அந்த ஊழியர் போன பிறகு பீப்ஸிடம் உண்மையான காரணத்தைச் சொல்கிறார். காலாண்டு முடிந்தால் படுக்கையறைப் பணியாட்கள் மன்னரின் துணிகளைத் தங்கள் உரிமை என்று வாரிக்கொண்டு போய்விடுகிறார்களாம், வேறு துணி இருக்கிறதோ இல்லையோ.

எங்கள் கடையில் ஒரு நோட்டு இருந்தது. பாக்கி நோட்டு. ஊரில் பெரிய மனிதர்கள் பெயர்தான் அதில் அதிகம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் கையில் காசோடுதான் வருவார்கள். அப்பா கேட்கவே மாட்டார், கேட்டால் அடுத்த துணி வராது. அந்த 5,000 பவுண்டு துணிக்கடைக்காரரை நினைத்தபோது எனக்கு அந்த நோட்டின் நீல அட்டைதான் கண்முன் வந்தது.

1669 மே மாதம். பீப்ஸுக்கு இப்போது சொந்தக் கோச்சு வண்டி, மெருகேற்றியது, குதிரைப் பிடரியில் சிவப்பு ரிப்பன். புதிய கோடை உடுப்பு, பூப்போட்ட பட்டில், கை முனையில் தங்கச் சரிகை. முதல் நாள் காலையில் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அன்று மதியமே போடுகிறார். பத்தாம் தேதி, பூங்காவில் அந்தச் சரிகைக் கையை எல்லாரும் கவனித்துப் பேசிக்கொண்டார்கள் என்று தெரிய வருகிறது. சொந்தக் காசு கொடுத்து வாங்கியதுதான். இருந்தாலும் இதோடு அரண்மனைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்து, அன்றே தன் தையல்காரரிடம் போய்ச் சரிகையைப் பிரிக்கச் சொல்கிறார்.

மூன்று வாரத்தில், கண் கெட்டுவிடும் என்ற பயத்தில் நாட்குறிப்பையே நிறுத்திவிட்டார். அந்த நவம்பரில் எலிசபெத் இறந்துபோனாள். வயது 29.

பட்டில் தைத்த சரிகையைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. நூல் வந்துவிடும், ஊசித் துளை வரிசையாக நிற்கும். அப்பா இந்த மாதிரி வேலை வந்தால் துணியைத் திருப்பிப் போட்டு, ஈரத் துணி வைத்து, நகத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து இழைகளைச் சேர்ப்பார். ஒரு கைக்கே அரை மணி நேரம் ஆகும். அதற்கென்று தனியாகக் கூலி வாங்க மாட்டார்.