கூப்பிட்டது செல் வளர்க்கவா, கடுதாசி சேர்க்கவா?

ஜெர்மனியில் ஒரு வருட விசிட்டிங் ஃபெலோஷிப் என்றால் ஊரே வாழ்த்துகிறது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை மாதம் உயிரியல் லேபில் திரவம் அளக்கும் பைப்பெட்டைத் தொட விடுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வந்ததும் முகவரியைப் பதிவு செய்யவேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்யணும் என்று சட்டம், தவறினால் 1000 யூரோ வரை அபராதமும் உண்டு. சரி, செய்துவிடலாம் என்று அப்பாயின்ட்மென்ட் தேடினால் ஒன்றரை மாதம் தள்ளித்தான் தேதியே காலி! வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் வேறு, 2015 நவம்பரிலிருந்து அது கட்டாயம். நம்மைப்போல் கொஞ்ச காலத்துக்கு வருகிறவர்களுக்குக் கிடைப்பது உள்வாடகை அறைதான், அந்த ஆட்களோ "தங்கிக்கொள், பதிவெல்லாம் கிடையாது" என்கிறார்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, பல வங்கிகள் கணக்குத் திறக்காது. கணக்கு இல்லாமல் ஃபெலோஷிப் பணம் எங்கே விழும்? பணம் வருகிறது என்று காட்டாமல் பதிவு செய்யக்கூடிய வீட்டை எவன் தருவான்?

இதில் நம் தமிழ்ப் பெயர் படுத்தும் பாடு தனி. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். அதனால் அரசாங்கக் கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு முன்னால் 'ஃப்ராவ்', அதாவது 'திருமதி', போட்டு வருகிறது. தபால்பெட்டியில் ஒட்டியிருந்ததோ என் பெயர். இங்கே ஃபிளாட் நம்பர் பார்த்துப் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை, பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம். அப்படி ஒரு ஆளே இல்லை என்று வரி எண் கடிதம் திரும்பிப் போய்விட்டது. அப்பா பெயரை ஒட்டியதும் முதலில் வந்து சேர்ந்தது எது தெரியுமா? ரேடியோ, டிவிக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லும் கடிதம். என்னிடம் டிவியே இல்லை ஐயா என்றால், வீடு இருக்கிறதல்லவா, கட்டு!

லேபிலாவது நிம்மதியா? மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் தொடும் முன் பாதுகாப்பு வகுப்பு. அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வகுப்பு அடுத்த மாதம் என்றால் அதுவரை ஈ ஓட்டவா? (சில லேபில் ஆராய்ச்சிக்குப் பழ ஈ வளர்ப்பார்கள், எங்கள் லேபில் அதுகூடக் கிடையாது.) விருந்தினர் லாகினில் ஒரு ப்ரைமர் (சோதனைக்கு வேண்டிய குட்டி டிஎன்ஏ துண்டு) ஆர்டர் செய்ய முடியாது, ஒவ்வொரு முறையும் யாராவது பிஎச்டி மாணவரைக் கெஞ்ச வேண்டும். எல்லாம் கைக்கு வந்த பிறகு செல்கள் நம்மை விடாது. லேபில் வளர்க்கும் ஹீலா மாதிரியான மனிதப் புற்றுநோய் செல்கள் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும், தட்டு நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமையானாலும் போய்ப் பிரித்துப் போட்டே ஆகணும். போட்டுவிட்டுப் பசியோடு வெளியே வந்தால் ரயில் நிலையத்தை விட்டால் ஒரு கடை திறந்திருக்காது.

நடுவில் ஊரிலிருந்து கைடு போன் போட்டு, "டேட்டா எங்கேம்மா?"

கூப்பிடுகிற பேராசிரியர்களே, பதிவு செய்ய முடிகிற ஒரு அறை, வந்த வாரமே ஒரு பாதுகாப்பு வகுப்பு, ஆர்டர் போட விடுகிற ஒரு லாகின். இவ்வளவுதான் கேட்கிறோம். அதுவும் முடியாதென்றால் அழைப்புக் கடிதத்தில் ஒரு வருடம் என்று எழுதாதீர்கள், எட்டு மாதம் என்று எழுதுங்கள்.